மலைமேல் இருக்கும் மிஷனெரி வீட்டுக்குப் போகிறவர்களுக்கு: ராஜ்மஹால் பயண வழிகாட்டி

ஜார்கண்டின் வடகிழக்கு மூலையில், கங்கை தெற்கே திரும்பும் இடத்தை ஒட்டி ராஜ்மஹால் மலைகள் கிடக்கின்றன. சாகிப்கஞ்ச், பாகுர், கொட்டா மாவட்டங்கள். உயரம் என்று பார்த்தால் நம்ம ஏற்காட்டில் பாதிகூட இல்லை. ஆனால் கருங்கல் படிப்படியாக அடுக்கிய மலை. உச்சியில் இருக்கும் ஊர்கள் பலவற்றுக்கு நடந்துதான் ஏறவேண்டும். அடிவாரத்திலும் பள்ளத்தாக்கிலும் சந்தால் மக்கள், மேலே மால்தோ பேசும் பஹாடியா மக்கள். மால்தோ நம் மொழிக்கு உறவு. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் திராவிடக் குடும்பத்தில் சேர்த்து எண்ணிய மொழிகளில் இதுவும் ஒன்று. தமிழைப் போலவே, கேட்பவரைச் சேர்த்துச் சொல்லும் ‘நாம்’ வேறு, அவரை விட்டுச் சொல்லும் ‘நாங்கள்’ வேறு என்ற பிரிவு அதிலும் உண்டு. சேர்த்துச் சொல்லும் சொல் அங்கேயும் ‘நாம்’தான்.

திருநெல்வேலியில் 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கிய நாளிலிருந்து தென்தமிழகத்துச் சபைகள் வெளிமாநிலங்களுக்கு ஆட்களை அனுப்பி வருகின்றன. ராஜ்மஹாலிலும் பல பத்தாண்டுகளாகத் தமிழ்க் குடும்பங்கள் ஊழியம் செய்கின்றன. அவர்களைப் பார்க்க ஜெபக்குழுவாக, சபை வாலிபராக, சொந்தக்காரராகப் போகிறவர்களுக்காக இது எழுதப்படுகிறது. வேறு மலைக்குப் போகிறவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். இந்தப் பயணத்துக்குப் ‘பணித்தளப் பயணம்’ என்று பெயர் வைத்துவிடுகிறோம். உண்மையில் போவது ஒரு வீட்டுக்கு. அடுப்பும் பிள்ளைகளும் தண்ணீர்க் குடமும் உள்ள ஒரு வீட்டுக்கு. அதை மறந்தால்தான் எல்லாம் கோணலாகிறது.

யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

முதல் தொலைபேசி அழைப்பு மிஷனெரி சங்கத்தின் அலுவலகத்துக்கு, குறைந்தது மூன்று மாதம் முன்னால். அந்தப் பகுதியின் பொறுப்பாளருக்கு அவர்கள் சொல்லட்டும். எந்த ஊரில் காய்ச்சல் பரவியிருக்கிறது, எங்கே தேர்தல் நேரம், எங்கே வெளியாட்கள் வந்தால் சலசலப்பு ஆகும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். இதைத் தாண்டி நேரே மிஷனெரியை அழைத்து நாள் குறித்துவிட்டால், அவர் அலுவலகத்துக்கும் உங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வார்.

அலுவலகம் சரி என்ற பிறகு குடும்பத்திடம் பேசுங்கள். “வரலாமா?” என்று கேட்டால் எந்த மிஷனெரியும் வேண்டாம் என்று சொல்லமாட்டார். அதனால் அந்தக் கேள்வியே பயனற்றது. “ஜனவரி மூணாவது வாரமா, பிப்ரவரி கடைசியா, எது தோதா இருக்கும்?” என்று கேளுங்கள். அதையும் வீட்டு அக்காவிடம், அதாவது மிஷனெரியின் மனைவியிடம் கேளுங்கள். அண்ணன் உடனே “எப்ப வேணும்னாலும் வாங்க” என்பார்; தண்ணீர் எடுப்பதும் சமைப்பதும் யார் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆள் எண்ணிக்கை நான்கு. அதிகபட்சம் ஆறு. ஒரு பொலேரோ வண்டிக்குள் சாமானோடு அடங்கவேண்டும், இரண்டு அறை வீட்டில் படுக்க இடம் வேண்டும். பதினைந்து பேர் போகும் பயணங்கள் நடக்கின்றன; அவை முடிந்தபின் அந்த வீட்டுப் பெண் இரண்டு நாள் படுத்துக்கிடப்பாள். குழுவில் ஒரு பெண்ணாவது கட்டாயம் இருக்கட்டும். தமிழில் மனம்விட்டுப் பேச இன்னொரு பெண் கிடைக்காத மாதங்கள் அங்கே நீளமானவை. ஒரு எலக்ட்ரீஷியனோ கொத்தனாரோ கிடைத்தால் அவரை முதலில் சேருங்கள். காரணம் பின்னால் வரும்.

தங்குவது இரண்டு அல்லது மூன்று இரவு. ஒரே நாளில் வந்து படம் எடுத்துத் திரும்பும் பயணத்தில் குடும்பத்துக்குச் சமையல் வேலை மட்டுமே மிச்சம். நான்காவது இரவு பாரம்.

எந்த மாதம்

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மண்பாதை சேறாகி வண்டி நிற்கும், ஈரமான கருங்கல் படியில் கால் வழுக்கும், மலேரியாவும் ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் மலைமேல் ஊற்றுகள் வற்றிவிடும். ஆறு விருந்தாளிக்குக் குளிக்கத் தண்ணீர் கொடுப்பதற்காக யாரோ ஒரு மணி நேரம் கூடுதலாக நடக்க நேரும். டிசம்பர், ஜனவரி இரவுகள் நாகர்கோவில்காரர் நினைப்பதைவிடக் குளிர். ஒரு ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் போதாது, கம்பளியும் வேண்டும். அந்த வீட்டில் ஆறு பேருக்குப் போர்வை இருக்காது.

இன்னொரு கணக்கு, பலர் தப்பவிடுவது. மிஷனெரிப் பிள்ளைகள் பெரும்பாலும் விடுதியில் படிக்கிறார்கள். டோனாவூரில் சந்தோஷ வித்யாலயா இதற்காகவே உள்ள பள்ளி. அந்தப் பிள்ளைகள் விடுமுறைக்கு வீட்டுக்கு வரும் சில வாரங்கள் அந்தக் குடும்பத்துக்கு மட்டும் சொந்தம். அம்மாவின் கையால் பிள்ளை சாப்பிடும் நாட்களில் ஆறு பேர் போய் நடுவில் உட்கார வேண்டாம். பள்ளி விடுமுறை எப்போது என்று கேட்டுவிட்டு, அந்த நாட்களைத் தவிர்த்துத் தேதி போடுங்கள்.

சட்டம், காகிதம்

ஒவ்வொருவரும் ஆதார் அட்டையின் அசலும் இரண்டு நகலும் வைத்திருங்கள். குழுவினர் பெயர், ஊர், தொலைபேசி எண், தங்கும் நாட்கள் எழுதிய ஒரு தாளைப் பகுதிப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே கொடுங்கள். யாராவது அதிகாரி விசாரித்தால் அவர் அதைக் காட்டுவார். நாகாலாந்து, மிசோரம், அருணாசலம், மணிப்பூர் பக்கம் போவதானால் இந்தியக் குடிமக்களுக்கும் இன்னர் லைன் பெர்மிட் (மாநிலத்துக்குள் நுழைய அரசு தரும் அனுமதிச்சீட்டு) வேண்டும். ஜார்கண்டுக்கு அது இல்லை.

ஜார்கண்டில் 2017-ஆம் ஆண்டின் மதச் சுதந்திரச் சட்டம் நடப்பில் உள்ளது. வற்புறுத்தியோ, ஆசைகாட்டியோ, ஏமாற்றியோ மதம் மாற்றுவது குற்றம். மூன்று ஆண்டுவரை சிறை, 50,000 ரூபாய்வரை அபராதம். பெண்கள், சிறுவர், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் என்றால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். மதம்மாறும் சடங்குக்கு மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். ‘ஆசைகாட்டுதல்’ என்பதில் பணமும் பொருளும் அடங்கும். ஆகவே, கிறிஸ்துமஸ் நேரத்தில் ஐம்பது சேலை, நூறு கம்பளி கட்டிக்கொண்டு போய் ஊர் நடுவில் கொடுத்துப் படம் எடுப்பது, நல்ல மனதோடு செய்தாலும், அங்கே வருடம் முழுக்க வாழும் குடும்பத்தின் தலையில் வழக்காக விழலாம். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறிவிடுவீர்கள். காவல் நிலையத்துக்குப் போய்வரப்போவது அவர்கள்தான். கொடுக்க விரும்புவதைச் சங்கத்தின் வழியாக, ரசீதோடு கொடுங்கள். ஊரில் எதையும் விநியோகிக்க வேண்டாம். துண்டுப்பிரதியும் வேண்டாம்.

சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, அமெரிக்கா போன்ற இடங்களிலிருந்து வருகிறவர்களுக்குக் கூடுதல் கவனம். சுற்றுலா விசாவில் வந்து பிரசங்கிப்பது விசா நிபந்தனைக்கு மாறானது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) வைத்திருப்போருக்கும் மிஷனெரிப் பணிக்குச் சிறப்பு அனுமதி வேண்டும் என்று 2021 அறிவிக்கை சொல்கிறது. உறவினராக வந்து தங்கி, பேசி, ஜெபித்துவிட்டுப் போங்கள், மேடை ஏறவேண்டாம். வெளிநாட்டுக் குடிமக்கள் ஊழியத்துக்கென்று கையில் பணம் கொடுப்பதும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும். அதையும் சங்க அலுவலகத்திடம் கேட்டே செய்யுங்கள்.

உடம்பு

இந்த மலையில் இரண்டு காய்ச்சல்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று மலேரியா, அதிலும் மூளையைத் தாக்கும் பால்சிபாரம் வகை. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். குறுகிய பயணத்துக்கு வழக்கமாக டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. போவதற்கு இரண்டு நாள் முன் தொடங்கி, திரும்பிய பின் நான்கு வாரம் வரை. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கும் அது ஆகாது. பெரும்பாலோர் வீடு வந்த மறுநாளே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். கிருமி ஈரலில் ஒளிந்திருந்து பிறகுதான் ரத்தத்துக்கு வரும். கடைசி நான்கு வார மாத்திரை அதற்காகத்தான்.

இரண்டாவது காலா அசார், மண்ணீரலை வீங்கவைக்கும் நாள்பட்ட காய்ச்சல். ஜார்கண்டில் சாகிப்கஞ்ச், பாகுர், கொட்டா, தும்கா ஆகிய நான்கு மாவட்டங்கள்தான் அதற்குப் பேர்போனவை. இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. இருந்தாலும் கவனம் வேண்டும். பரப்புவது மணல் ஈ. கொசுவில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும், சத்தம் போடாது, சாதாரணக் கொசுவலையின் கண்ணுக்குள் நுழைந்துவிடும். மண்சுவர் வெடிப்பிலும் மாட்டுத்தொழுவத்து ஈரத்திலும் வாழும். உயரப் பறக்காது, தாவித் தாவித்தான் போகும். எனவே மருந்து தோய்த்த வலை கொண்டுபோங்கள், தரையில் படுக்காமல் கட்டிலில் படுங்கள், சுவரோரம் ஒட்டிப் படுக்காதீர்கள், மாலை ஐந்து மணிக்கே முழுக்கைச் சட்டையும் கணுக்காலை மூடும் உடையும் போட்டுக் கொசு விரட்டிக் களிம்பு தடவிக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். ஆனால் அந்த விறகும் எரிவாயுவும் அவர்களுடையது. ஆளுக்கு ஒரு வடிகட்டிப் புட்டியோ குளோரின் மாத்திரை அட்டையோ கொண்டுபோனால் அக்காவுக்கு அந்த வேலை மிச்சம். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பயண நாட்களுக்கு மேல் ஒரு வாரத்துக்கு எடுத்துக்கொள்ளுங்கள். இதயக்கோளாறு உள்ளவரும் முழங்கால் வலிக்காரரும் அடிவார வீட்டோடு நிற்பது நல்லது. மலைமேல் ஒருவருக்கு முடியாமல் போனால் கட்டிலில் கிடத்தி நான்கு பேர் சுமந்துதான் இறக்குவார்கள்.

என்ன கொண்டுபோவது

ரயிலில் ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ இலவசம். அதற்காக 40 கிலோ தூக்கவேண்டாம். உங்கள் சொந்தச் சாமான் 8 கிலோவுக்குள் நிற்கட்டும், குடும்பத்துக்கென்று ஆளுக்கு 5 கிலோ.

அரிசி வேண்டாம், அந்தப் பக்கம் புழுங்கலரிசிதான் ஓடுகிறது. அங்கே கிடைக்காதவற்றை நினையுங்கள். நான்கு பேர் வீட்டுக்கு: வீட்டில் அரைத்த மசாலாப்பொடி ஒரு கிலோ (அரைக்கிலோவாக இரண்டு பையில், ஒன்று கெட்டாலும் ஒன்று மிஞ்சும்), முழு வெள்ளை உளுந்து 2 கிலோ, கருப்பட்டி ஒரு கிலோ, காபித்தூள் அரைக்கிலோ, நல்லெண்ணெய் ஒரு லிட்டர், அப்பளம், மோர்மிளகாய், நார்த்தங்காய் ஊறுகாய். கறிவேப்பிலையை நிழலில் காயவைத்துக் கையால் நொறுக்காமல் காகிதப் பையில் போடுங்கள். கருவாடு கேட்டிருந்தால் மூன்று சுற்றுப் பாலித்தீன், அதன்மேல் மூடிபோட்ட டப்பா. இருபத்தெட்டு மணி நேர ரயிலில் பெட்டி முழுக்க உங்களைத் திட்டக்கூடாது.

கேட்டு வாங்கவேண்டிய சாமான்கள் வேறு. குக்கர் கேஸ்கட் ஒரு நல்ல உதாரணம். பார்க்க ஐம்பது கிராம் ரப்பர் வளையம். அது தளர்ந்துவிட்டால் நீராவி ஓரத்தில் கசியும், விசில் வராது, பருப்பு வேக இரட்டிப்பு நேரம், எரிவாயு இரட்டிப்புச் செலவு. அந்த சிலிண்டரோ டவுனிலிருந்து வண்டி பிடித்துத்தான் வரவேண்டும். “அக்கா, உங்க குக்கர் எந்தக் கம்பெனி, எத்தனை லிட்டர்? மூடி வெளியே மூடுற மாதிரியா, உள்ளே போற மாதிரியா?” என்று கேட்டு, மூடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, இரண்டாக வாங்குங்கள். மிக்ஸி ஜாரின் அடிப்பகுதிக் கப்ளர், பிளேடு, தையல் மிஷின் ஊசி, மூக்குக்கண்ணாடி, எல்லாவற்றுக்கும் இதே முறை. அளவு கேட்காமல் வாங்கியது அலமாரியில் தூங்கும்.

பிள்ளைகளுக்குத் தமிழ்க் கதைப்புத்தகம், அதுவும் பெரிய எழுத்தில், எளிய வாக்கியத்தில். அங்கே இந்தி படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், வாசிக்கத் திணறும். பழைய துணி மட்டும் வேண்டாம்.

எல்லாவற்றையும்விட அரிய சாமான்: ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியின் வீட்டுக்குப் போய் பத்து நிமிடக் காணொளி எடுத்துக்கொள்ளுங்கள். முற்றம், முருங்கைமரம், அடுப்படி, தெருமுனைக் கடை எல்லாம் வரட்டும். விடுதியில் பிள்ளை இருந்தால், வார்டனிடம் அனுமதி கேட்டு அவனையும் பார்த்துவிட்டுப் போங்கள். மலைமேல் சிக்னல் விட்டுவிட்டு வரும். தொலைபேசியில் இறக்கிவைத்திருப்பதுதான் ஓடும்.

போகும் வழி

சென்னையிலிருந்து ஹௌரா மெயிலில் சுமார் இருபத்தெட்டு மணி நேரம். அங்கிருந்து சாகிப்கஞ்ச் பாதையில் பர்ஹர்வா சந்திப்புக்கு இன்னும் ஐந்தாறு மணி நேரம். 60 நாள் முன்புதான் முன்பதிவு திறக்கும். அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள். ஹௌராவில் இரண்டு ரயிலுக்கும் நடுவில் ஆறு மணி நேரமாவது விடுங்கள். மூன்று மணி நேர இடைவெளியை நம்பி, வண்டி தாமதமாகி, நடைமேடையில் இரவு கழிப்பவர்கள் நிறைய.

பகலில் போய் இறங்கும்படி கணக்கிடுங்கள். பாகுர், சாகிப்கஞ்ச் பக்கம் கல்குவாரி லாரிகள் ஓடும் சாலைகள். இருட்டில் புழுதியில் எதிரே வருவது தெரியாது. சாயங்காலம் ஆகிவிட்டால் டவுனில் தங்கி, காலையில் புறப்படுங்கள். வண்டி வாடகையை நீங்களே கொடுங்கள். ஏறும் முன்பே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள். சில்லறையாகப் பணம் எடுத்துவைத்திருங்கள்.

டவுன் கடைத்தெருவில் நின்று உங்கள் சாப்பாட்டுச் சாமானை வாங்கிவிடுங்கள். ஆறு பேர், மூன்று நாள்: அரிசி 6 கிலோ, பருப்பு 2, உருளைக்கிழங்கு 3, வெங்காயம் 2, எண்ணெய் ஒரு லிட்டர், முட்டை ஓர் அட்டை, பால்பவுடர் அரைக்கிலோ, தேயிலை, சர்க்கரை. “எங்களுக்காக எதுவும் வாங்கிவைக்க வேண்டாம்” என்று இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கடன் வாங்கியாவது கோழி பிடித்துவைத்திருப்பார்கள்.

வீட்டில்

போனதும் ஜெபித்துவிட்டு, முதல் மாலையை வேறெதற்கும் ஒதுக்காதீர்கள். காணொளியைக் காட்டுங்கள், பேசவிடுங்கள். குழுவில் ஒருவர் காய் நறுக்கட்டும், இருவர் தண்ணீருக்குப் போகட்டும். ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர்தான், குளிக்கவும் துவைக்கவும் சேர்த்து. ஒரு வேளைச் சமையலை நீங்கள் எடுத்துக்கொண்டு, அக்காவை அடுப்படிக்குள் வரவிடாமல் உட்காரவைத்தால், அவர் பேசத்தொடங்குவார். அப்போது அறிவுரை சொல்லிவிடாதீர்கள்.

கேட்கக்கூடாத கேள்விகள் சில உண்டு. “இதுவரை எத்தனை பேர் ரட்சிக்கப்பட்டாங்க?” என்பது முதலாவது. “பிள்ளையை விட்டுட்டு எப்படி இருக்கீங்க?” என்பது அதைவிட மோசம், அந்தக் கேள்வியோடுதான் அவர்கள் தினமும் தூங்குகிறார்கள். “என்ன, தமிழ் வரலையா?” என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். பெயரென்ன, சிநேகிதன் யார், எந்த மரத்தில் ஏறுவாய் என்று கேளுங்கள்.

எலக்ட்ரீஷியனைக் கூட்டிப்போகச் சொன்னது இங்கே உதவும். சோலார் பேட்டரியில் காய்ச்சி வடித்த நீர் குறைந்து தட்டு வெளியே தெரிந்தால் பேட்டரி செத்துப்போகும். ஐந்து லிட்டர் கேன் ஒன்று டவுனிலேயே வாங்கிப்போய் குறித்த கோடுவரை ஊற்றச் சொல்லுங்கள், முனைகளில் பூத்த வெள்ளைப்பொடியைச் சுடுநீரில் கழுவி வாஸ்லின் தடவச் சொல்லுங்கள். சன்னலுக்கு நெருக்கமான கண்ணுள்ள வலை அடிப்பது, சுவர் வெடிப்பை அடைப்பது என்று அரை நாள் வேலை எப்போதும் இருக்கும். இந்த அரை நாள் மூன்று கூட்டங்களுக்குச் சமம் என்பது எங்கள் எண்ணம்.

மலைமேல் ஊருக்கு

ஏறுவதானால் காலை ஆறுக்குக் கிளம்புங்கள். பிடிப்புள்ள ஷூ, ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், ஓ.ஆர்.எஸ். இரண்டு பாக்கெட், ஒரு தடி. மெதுவாக நடப்பவரை முன்னால் விடுங்கள். பின்னால் விட்டால் மற்றவர்கள் இளைப்பாறி எழும்பும்போதுதான் அவர் வந்துசேருவார், அவருக்கு ஓய்வே கிடைக்காது.

ஊருக்குள் மிஷனெரி முன்னே போகட்டும். முதலில் ஊர்த் தலைவரான மாஞ்சியைப் பார்த்து வணக்கம் சொல்லவேண்டும். கட்டில் போட்டு உட்காரச் சொல்வார்கள், உட்காருங்கள். மக்காச்சோளமும் காராமணியும் கொடுத்தால் சிறிதாவது சாப்பிடுங்கள். உங்கள் தட்டில் வருவது அவர்கள் சரிவில் கொத்தி விதைத்த சோளம். அறுவடைக் காலத்தில் பகலில் ஊரில் ஆளே இருக்காது, மாலையில்தான் கூடுவார்கள். அப்போது இறங்குவது மறுநாள்தான் என்று திட்டமிடுங்கள்.

பேசச் சொன்னால் ஏழெட்டு நிமிடம். மொழிபெயர்ப்போடு அது கால் மணி நேரம் ஆகிவிடும். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள். கடலும் பனைமரமும் அங்கே உதாரணமாகாது. சோளக்கதிர், ஊற்று, ஆடு, பாறை என்று சொல்லுங்கள்.

படம் எடுக்கும் முன் மிஷனெரியிடம் கேளுங்கள். நோயாளி, குளிக்கிற பிள்ளை, ஜெபிக்கிற முகம், ஊர்ப் பெயர்ப்பலகை வேண்டாம். மலையில் இருக்கும்போது எதையும் முகநூலில் போடாதீர்கள். வந்தபின்னும், குடும்பத்தின் பெயரும் ஊர்ப் பெயரும் சேர்ந்து வரும் படத்தை அலுவலகத்துக்குக் காட்டாமல் வெளியிடவேண்டாம். “முன்னே இப்படி இருந்தார்கள், இப்போது இப்படி” என்று அந்த மக்களைத் தாழ்த்தி எழுதுவதை அறவே விடுங்கள். இன்று அதை அவர்கள் பிள்ளைகளே வாசிக்கிறார்கள்.

திரும்பிய பின்

வீடு சேர்ந்ததும் அக்காவுக்கு ஒரு அழைப்பு. விருந்தாளிகள் போன மறுநாள் அந்த வீடு மிகவும் வெறிச்சென்று இருக்கும்.

அடுத்த மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால் அதே நாளில் ரத்தப் பரிசோதனை. மருத்துவரிடம் “ஜார்கண்ட் மலைக்குப் போய்வந்தேன்” என்று நீங்களே சொல்லவேண்டும். நம்மூரில் யாருக்கும் அது தானாகத் தோன்றாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், இடது விலாவுக்குக் கீழே வீக்கம் என்றால், அது ஒரு வருடம் கழித்து வந்தாலும், காலா அசார் பரிசோதனையையும் கேளுங்கள். விரலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து உடனே பார்த்துவிடலாம்.

அம்மா கொடுத்துவிட்ட பொட்டலம் உங்கள் பையில் இருக்கும். ஒரு வாரத்துக்குள் விடுதிக்குப் போய்ச் சேர்த்துவிடுங்கள். வார்டனை முன்பே அழைத்து, பார்வை நேரம் கேட்டுக்கொள்ளுங்கள். மலைவீட்டில் தொலைபேசியில் எடுத்துவந்த காணொளியைப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, பக்கத்தில் நின்று விளக்கிக்கொண்டிருக்காமல், மரத்தடிக்குத் தள்ளிப்போய் உட்காருங்கள். இரண்டாம் தரம் பார்க்கவேண்டும் என்று கேட்கும். மூன்றாம் தரமும் கேட்கும்.